விண்டோஸ் வழங்கியில் பி.எச்.பி. வழி மின்னஞ்சல் அனுப்புதல்

விண்டோஸ் வழங்கியில் பி.எச்.பி. வழி மின்னஞ்சல் அனுப்புதல் என்பது, தொடர்புப் படிவம், கடவுச்சொல் மீட்பு, கொள்வனவு உறுதிப்பாடு போன்ற தேவைகளுக்காக, விண்டோஸ் இயங்குதளம் கொண்ட இணைய வழங்கியில் இருக்கும் நிரல் ஒன்று தானே மடலை உருவாக்கி அஞ்சல் வழங்கியிடம் ஒப்படைக்கும் செயற்பாடு ஆகும். பி.எச்.பி. மொழியில் இதற்கென மெயில்() என்னும் செயற்கூறு உள்ளது. லினக்ஸ் வழங்கியில் எவ்விதச் சிக்கலும் இன்றி இயங்கும் அதே ஒற்றை வரி, விண்டோஸ் வழங்கிக்கு மாற்றப்பட்டதும் பிழைச்செய்தி தருவது புதிய நிரலாளர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் நிலைமையாகும்.

பிழைச்செய்தி வருவது நல்ல நிலை என்றே கொள்ளவேண்டும். இதைவிட மோசமானது செய்தி ஏதும் வராத நிலை. பயனர் படிவத்தை நிரப்பி அனுப்புகின்றார். "நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது" என்று திரையில் தோன்றுகின்றது. ஆனால் மடல் எவரையும் சென்றடைவதில்லை. அனுப்பியவர் மறுமொழிக்குக் காத்திருக்கின்றார், தளத்தை நடத்துபவரோ எவரும் எழுதவில்லை என்று எண்ணிக்கொள்கின்றார். இழப்பு இரு தரப்புக்கும் தெரியாமலேயே நிகழ்கின்றது.

செயற்படும் முறை

லினக்ஸ் முதலிய யுனிக்ஸ் வழி இயங்குதளங்களில் மெயில்() செயற்கூறு தானாக அஞ்சல் அனுப்புவதில்லை. அதே கணினியில் நிறுவப்பட்டிருக்கும் சென்ட்மெயில் அல்லது அதற்கு ஈடான மென்பொருளை அழைத்து, மடலை அதன் கையில் கொடுத்துவிடுகின்றது. வரிசையில் வைத்தல், பெறுநரின் வழங்கியைத் தேடுதல், முதன்முறை முடியாவிட்டால் சற்று நேரம் கழித்து மீண்டும் முயலுதல் ஆகிய அனைத்தும் அந்த மென்பொருளின் பொறுப்பு.

விண்டோஸில் இவ்வாறான மென்பொருள் இயல்பாக இருப்பதில்லை. எனவே அங்கு பி.எச்.பி. தானே வலையிணைப்பு ஒன்றைத் திறந்து, எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிமுறையில் அஞ்சல் வழங்கியுடன் நேரடியாக உரையாடுகின்றது. இந்நெறிமுறை 1982 ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜொனாதன் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821 ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. 2008 இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5321 இதன் பிற்காலத் திருத்தங்களுள் ஒன்று. உரையாட வேண்டிய வழங்கியின் முகவரி பிஎச்பி.ஐஎன்ஐ என்னும் உள்ளமைவுக் கோப்பில் "எஸ்எம்டிபி" என்னும் பெயரிலும், துறை எண் "எஸ்எம்டிபி_போர்ட்" என்னும் பெயரிலும், அனுப்புநரின் முகவரி "சென்ட்மெயில்_ஃபிரம்" என்னும் பெயரிலும் குறிக்கப்படுகின்றன. முதல் இரண்டுக்கும் இயல்பு மதிப்புகள் முறையே லோக்கல்ஹோஸ்ட், 25 ஆகும். மூன்றாவது வரி கோப்பில் அரைப்புள்ளியிட்டுச் செயலிழக்கச் செய்யப்பட்ட நிலையிலேயே கிடைக்கின்றது. அரைப்புள்ளியை நீக்காமல் முகவரியை மட்டும் மாற்றிவிட்டு, ஏன் இயங்கவில்லை என்று திகைப்பவர்கள் பலர்.

விண்டோஸுக்கான இச்செயலாக்கம் மிக எளிமையானது. அந்த எளிமையே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம். நெறிமுறையின் விரிவாக்கங்களைக் கேட்டுப் பெறும் "ஈஹெலோ" கட்டளைக்குப் பதிலாக, பழைய "ஹெலோ" கட்டளையையே அது அனுப்புகின்றது. ஆதலால் பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து உள்நுழையவும், இணைப்பை மறையாக்கம் செய்யவும் அதனால் இயலாது. அதற்கு வரிசை என்பதும் இல்லை. மறுமுனையில் உள்ள வழங்கி "இப்போது இயலாது, பின்னர் வருக" என்றால், மீண்டும் முயலுவதற்கு எவரும் இல்லை; நிரலாளர் தாமே அதற்கு ஏற்பாடு செய்யாவிட்டால் அம்மடல் தொலைந்தது. 2003 இல் முன்மொழியப்பட்ட சாம்பல்பட்டியல் முறையில், அறிமுகமில்லாத அனுப்புநரின் முதல் முயற்சி வேண்டுமென்றே தற்காலிகமாக மறுக்கப்படுகின்றது. முறையான அஞ்சல் வழங்கி மறுபடியும் வரும், எரிதம் அனுப்பும் நிரல் வராது என்பது அதன் கணிப்பு. நேரடியாக அனுப்பும் பி.எச்.பி. நிரல் இங்கு எரிதம் அனுப்பும் நிரலைப் போலவே நடந்துகொள்கின்றது.

மெய் என்னும் விடையின் பொருள்

மெயில்() செயற்கூறு மெய் அல்லது பொய் என்னும் விடையைத் திருப்பித் தரும். மெய் என்பதன் பொருள், உள்ளமைவில் குறிக்கப்பட்ட வழங்கி மடலை ஏற்றுக்கொண்டது என்பது மட்டுமே. பெறுநரின் பெட்டியை அடைந்தது என்பது அன்று. அஞ்சல் பெட்டியில் உறையைப் போட்டவருக்கு, அது உரியவர் கைக்குப் போனதா என்பது தெரியாதது போன்றதே இது.

ஆகவே சிக்கலைத் தேடும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி, மடல் எந்தக் கைமாற்றத்தில் நின்றுபோனது என்பதாகும். பி.எச்.பி.யிடமிருந்து அருகில் உள்ள வழங்கிக்கு ஒரு கைமாற்றம், அவ்வழங்கியிடமிருந்து பெறுநரின் வழங்கிக்கு மற்றொன்று, அங்கிருந்து பெறுநரின் உள்பெட்டிக்கு மூன்றாவது. பொய் என்று விடை வந்தால் நிரலிலும் உள்ளமைவிலும் தேடவேண்டும். மெய் என்று வந்தும் மடல் சேரவில்லை எனில் நிரலைத் திருத்துவதில் பயனில்லை. இரண்டாவது, மூன்றாவது கைமாற்றங்களை ஆராய வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல், சரியாக இருக்கும் நிரலை நாள்கணக்கில் மாற்றி எழுதுவது வழமையாக நிகழ்கின்றது.

வழமையான பிழைச்செய்திகள்

லோக்கல்ஹோஸ்ட், துறை 25 இல் உள்ள அஞ்சல் வழங்கியுடன் இணைய முடியவில்லை என்பதே மிகுதியாகக் காணப்படும் செய்தி. இணைய வழங்கி இயங்கும் கணினியிலேயே அஞ்சல் வழங்கியும் இருக்கும் என்று பி.எச்.பி. எடுத்துக்கொள்கின்றது, அங்கு அவ்வாறு எதுவும் நிறுவப்படவில்லை என்பதே இச்செய்தியின் பொருள். அஞ்சல் சேவை ஒன்றை நிறுவுவது அல்லது இணையச் சேவை வழங்குநரின் அஞ்சல் வழங்கிப் பெயரை உள்ளமைவில் எழுதுவது தீர்வாகும்.

எழுதிய பின்னும் அதே செய்தி, அதே லோக்கல்ஹோஸ்ட் என்னும் பெயருடன் வருமாயின், திருத்தப்பட்ட கோப்பு வேறு, பி.எச்.பி. படிக்கும் கோப்பு வேறு என்று பொருள். ஒரே கணினியில் பல பிஎச்பி.ஐஎன்ஐ கோப்புகள் இருக்கக்கூடும். கட்டளை வரியில் இயங்கும் பி.எச்.பி.யும் வலைவழி இயங்கும் பி.எச்.பி.யும் வெவ்வேறு கோப்புகளைப் படிக்கவும் கூடும். பிஎச்பிஇன்ஃபோ() செயற்கூறு தரும் பக்கத்தில், ஏற்றப்பட்ட உள்ளமைவுக் கோப்பு எது என்பது முழுப் பாதையுடன் காட்டப்படும். மாற்றத்திற்குப் பின் ஐ.ஐ.எஸ். அல்லது அப்பாச்சி சேவையை மீளத் தொடக்குவதும் தேவை. கோப்பைத் தொட அனுமதி இல்லாதவர்கள், மேற்கூறிய மூன்று அமைவுகளையும் ஐஎன்ஐ_செட்() மூலம் நிரலுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம்.

அனுப்புநர் முகவரி அமைக்கப்படவில்லை என்னும் செய்திக்குத் தீர்வு எளிது: சென்ட்மெயில்_ஃபிரம் அமைவை நிரப்புவது அல்லது மடலின் தலைப்பகுதியில் அனுப்புநர் வரியைச் சேர்ப்பது. இரண்டும் இருந்தால் மடலின் வெளியுறையில் இடம்பெறுவது சென்ட்மெயில்_ஃபிரம் முகவரியே. யுனிக்ஸில் வெளியுறை முகவரியை மாற்றப் பயன்படும் ஐந்தாவது அளபுரு விண்டோஸில் பொருட்படுத்தப்படுவதில்லை. பெறுநரின் முகவரியைப் பெயருடன் சேர்த்துக் கோண அடைப்புக்குறிக்குள் எழுதும் முறையும் இங்கு சரியாகப் பிரித்தறியப்படாமல் போகலாம். வெறும் முகவரியை மட்டும் கொடுப்பது பாதுகாப்பானது.

பிற செய்திகளில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். அதனைத் தருவது பி.எச்.பி. அன்று, மறுமுனை வழங்கி. 4 இல் தொடங்கும் எண் தற்காலிக மறுப்பையும், 5 இல் தொடங்கும் எண் நிலையான மறுப்பையும் குறிக்கும். 550 என்னும் எண்ணுடன் "மறுஅஞ்சல் செய்ய இயலாது" என்று வந்தால், பிறருக்கான மடல்களை ஏற்று அனுப்பும் உரிமை அவ்வழங்கியில் இந்தக் கணினிக்கு இல்லை. 530 என்னும் எண்ணுடன் முதலில் மறையாக்கத்தைத் தொடக்குமாறு கேட்டால், ஜிமெயில் போன்ற சேவையுடன் மெயில்() நேரடியாகப் பேச முயல்கின்றது. உள்ளமைவில் எந்த மாற்றம் செய்தாலும் இம்முயற்சி வெற்றி பெறாது. 504 வந்தால் ஹெலோ கட்டளையில் சொல்லப்பட்ட கணினிப் பெயரை ஐயத்துடன் நோக்கலாம். பி.எச்.பி. அங்கு கணினியின் பெயரை அப்படியே சொல்கின்றது. புதிதாக நிறுவப்பட்ட விண்டோஸ் வழங்கிக்குத் தானாக இடப்படும், புள்ளி ஏதும் அற்ற பெயரைச் சில வழங்கிகள் ஏற்பதில்லை.

451 என்னும் எண்ணுக்குத் தனிக் கதை உண்டு. நெறிமுறையின்படி ஒவ்வொரு வரியும் நகர்த்தி மீளல், புதுவரி ஆகிய இரண்டு குறிகளாலும் முடியவேண்டும். யுனிக்ஸ் பழக்கத்தில் புதுவரிக் குறியை மட்டும் இட்டு எழுதப்பட்ட நிரல்கள், கியூமெயில் மென்பொருள் இயங்கும் வழங்கியிடம் இந்த எண்ணைப் பெற்றுத் திரும்பின. டேனியல் பெர்ன்ஸ்டைன் உருவாக்கிய அம்மென்பொருள், மறுப்புடன் காரணத்தை விளக்கும் வலைப்பக்க முகவரியையும் சேர்த்து அனுப்பியது. அது வீண் பிடிவாதம் என்று அக்காலத்தில் குறை கூறியோர் உண்டு. எனினும் 2023 டிசம்பரில், வரி முடிவுகளின் தெளிவின்மையைப் பயன்படுத்திப் பொய்யான மடல்களைப் புகுத்தும் எஸ்.எம்.டி.பி. கடத்தல் என்னும் தாக்குமுறை வெளியிடப்பட்ட பின்னர், போஸ்ட்ஃபிக்ஸ் முதலிய மென்பொருள்களும் இவ்விடயத்தில் கடுமை காட்டத் தொடங்கின. மடலில் புள்ளியுடன் தொடங்கும் வரி இருந்தால் அப்புள்ளி விண்டோஸில் மறைந்துவிடுவதும் நெறிமுறையின் விளைவே. தனிப்புள்ளி மடலின் முடிவைக் குறிப்பதால், அங்கு இரண்டு புள்ளிகள் இடவேண்டும்.

கையால் சோதித்தல்

பி.எச்.பி.யை ஒதுக்கிவிட்டு அஞ்சல் வழங்கியுடன் நேரடியாகப் பேசிப் பார்ப்பது சிக்கலை விரைவில் பிரித்துக் காட்டும். இதற்கு டெல்நெட் நிரல் போதுமானது. விண்டோஸ் விஸ்டா, விண்டோஸ் செர்வர் 2008 ஆகியவற்றிலிருந்து இது இயல்பாக நிறுவப்படுவதில்லை. கட்டுப்பாட்டுப் பலகத்தில் இருந்து சேர்த்துக்கொள்ளவேண்டும். துறை திறந்திருக்கின்றதா என்பதை மட்டும் அறிய, பவர்செல்லில் உள்ள டெஸ்ட்-நெட்கனெக்சன் கட்டளை உதவும்.

வழங்கியின் பெயரையும் 25 என்னும் எண்ணையும் கொடுத்து இணைந்ததும், 220 என்று தொடங்கும் வரவேற்பு வரி தோன்றவேண்டும். ஹெலோ என்று கணினிப் பெயரைச் சொன்னால் 250 வரும். அடுத்து அனுப்புநர் முகவரி, அதற்கும் 250. பின் பெறுநர் முகவரி. மறுஅஞ்சல் உரிமை இல்லையெனில் பெரும்பாலும் இந்த இடத்திலேயே 550 வந்துவிடும். டேட்டா என்னும் கட்டளைக்கு 354 வந்தால் மடலை எழுதி, தனி வரியில் ஒரு புள்ளி இட்டு முடிக்கவேண்டும். எந்த வரியில் உரையாடல் முறிகின்றதோ, அங்குதான் தவறு.

வரவேற்பு வரியே வராமல் இணைப்பு தொங்கிக்கொண்டிருந்தால், இடையில் தீயரண் ஒன்று தடுக்கின்றது. இணைய வழங்கியில் நிறுவப்பட்ட நச்சுநிரல் தடுப்பு மென்பொருளையும் பார்க்கவேண்டும். புழுக்கள் மடல் பரப்புவதைத் தடுப்பதற்காக, அறியப்பட்ட அஞ்சல் மென்பொருள்கள் தவிர வேறு எந்த நிரலும் துறை 25 வழியே வெளியேறாதபடி சில மென்பொருள்கள் தடை விதிக்கின்றன. டெல்நெட் இயங்கி பி.எச்.பி. மட்டும் இயங்காத புதிர்களுக்கு இதுவும் ஒரு காரணம். வீட்டு இணைப்பு வழங்கும் பல நிறுவனங்களும், அஸூர், கூகுள் கிளவுட் போன்ற மேகக் கணிமைச் சேவைகளும் வெளிச்செல்லும் துறை 25 ஐ இயல்பாகத் தடுக்கின்றன. அங்கெல்லாம் மடல் ஒப்படைப்புக்கென 1998 இல் ஒதுக்கப்பட்ட துறை 587 ஐப் பயன்படுத்தவேண்டும். அதற்கு உள்நுழைவு தேவை என்பதால் மெயில்() போதாது.

ஐ.ஐ.எஸ். அஞ்சல் சேவை

விண்டோஸ் 2000 செர்வர், செர்வர் 2003 ஆகியவற்றில் ஐ.ஐ.எஸ். உடன் எளிய எஸ்.எம்.டி.பி. சேவை ஒன்றும் கிடைத்தது. பின்வந்த பதிப்புகளிலும் அது தொடர்ந்து, செர்வர் 2012 இல் கைவிடப்படவுள்ளதாக அறிவிக்கப்பட்டு, விண்டோஸ் செர்வர் 2025 இல் நீக்கப்பட்டது. பழைய வழங்கிகளைப் பராமரிப்போர் இன்றும் இதனை எதிர்கொள்கின்றனர்.

இச்சேவையின் சிறப்பு, பி.எச்.பி.யிடம் இல்லாத வரிசையை இது கொண்டிருப்பதாகும். சி இயக்ககத்தின் இனெட்பப் கோப்புறையில் உள்ள மெயில்ரூட் என்னும் கோப்புறையைத் திறந்து பார்ப்பதே இதற்கான முதல் சோதனை. கியூ என்னும் உட்கோப்புறையில் மடல்கள் சேர்ந்துகொண்டே போனால், பி.எச்.பி. தன் வேலையைச் செய்துவிட்டது. வெளியே செல்லும் வழிதான் அடைபட்டிருக்கின்றது. பேட்மெயில் உட்கோப்புறையில் இருப்பவை பெறுநரிடமும் சேர்க்க முடியாமல், அனுப்புநரிடமும் திருப்பித் தர முடியாமல் போன மடல்கள். அனுப்புநர் முகவரியாக இல்லாத ஒன்றைக் கொடுத்த தளங்களில் இக்கோப்புறை நிறைந்து கிடப்பதைக் காணலாம். தளம் "நன்றி" என்று சொல்லி விடைகொடுத்த செய்திகள் பல மாதங்களாக அங்கே கிடக்கக்கூடும். அவை எளிய உரைக் கோப்புகள் ஆதலால் திறந்து படித்து மீட்கவும் இயலும்.

இச்சேவை நிறுவப்பட்டதும் மறுஅஞ்சல் அனுமதிப் பட்டியல் வெறுமையாக இருக்கும். அதே கணினியில் உள்ள பி.எச்.பி.க்குக்கூட 550 கிடைப்பது இதனாலேயே. பட்டியலில் 127.0.0.1 என்னும் முகவரியை மட்டும் சேர்க்கவேண்டும். அனைவருக்கும் அனுமதி அளித்தால் பிழைச்செய்தி உடனே மறைந்துவிடும். அவசரத்தில் இவ்வழியைத் தேர்ந்துகொள்வோர் உண்டு. ஆனால் அது வழங்கியைத் திறந்த மறுஅஞ்சல் நிலையமாக ஆக்கிவிடும். எரிதம் அனுப்புவோரின் தானியங்கி நிரல்கள் இத்தகைய வழங்கிகளை இடைவிடாது தேடுகின்றன. கண்டுபிடிக்கப்பட்டால் வழங்கியின் ஐ.பி. முகவரி தடைப்பட்டியல்களில் சேர்ந்து, நேர்மையான மடல்களும் எங்கும் ஏற்கப்படாத நிலை ஏற்படும். அதிலிருந்து மீள்வது, முதலில் இருந்த பிழையைத் திருத்துவதைவிடப் பன்மடங்கு கடினம்.

ஏற்கப்பட்ட பின் காணாமற்போதல்

பெறுநரின் வழங்கி மடலை ஏற்ற பின்னும் அதனை எரிதக் கோப்புறையில் இடலாம். இந்த ஐ.பி. முகவரி இந்தத் திரளத்தின் பெயரால் மடல் அனுப்ப உரிமை பெற்றதா என்பதை எஸ்.பி.எஃப். பதிவு கூறும்; மடலின் மீது இடப்பட்ட மின்கையொப்பத்தை டிகிம் முறை சரிபார்க்கும்; இவை பொருந்தாதபோது என்ன செய்வது என்பதை 2015 இல் ஆவணப்படுத்தப்பட்ட டிமார்க் கொள்கை அறிவிக்கும். 2024 பெப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் இவற்றை மேலும் வலியுறுத்துகின்றன.

தொடர்புப் படிவங்களை எழுதுவோர் இவ்விடத்தில் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்கின்றனர். படிவத்தை நிரப்பியவரின் முகவரியை அனுப்புநர் வரியில் இட்டால், மறுமொழி எழுதுவது வசதியாக இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் யாகூ முகவரியைத் தாங்கிய மடல் யாகூவுடன் தொடர்பற்ற வழங்கியில் இருந்து வந்தால் அது போலி மடலாகவே கருதப்படும். 2014 ஏப்ரலில் யாகூ தன் கொள்கையை மறுப்பு என மாற்றியபோது, இவ்வாறு எழுதப்பட்ட படிவங்களின் மடல்கள் நிராகரிக்கப்படத் தொடங்கின. தளத்தின் சொந்த முகவரியை அனுப்புநர் வரியிலும், பயனரின் முகவரியை மறுமொழி முகவரி வரியிலும் இடுவதே முறை. பயனர் தரும் முகவரியில் புதுவரிக் குறி இருக்கின்றதா என்று சரிபார்ப்பதும் கட்டாயம். சரிபார்க்காவிட்டால், அவ்வரிக்குள் மேலும் பல பெறுநர்களைச் செருகி, படிவத்தையே எரிதம் பரப்பும் கருவியாகப் பிறர் மாற்றிவிடுவர்.

தமிழ் மடல்கள்

மடலின் தலைப்பகுதி அடிப்படையில் ஆஸ்கி எழுத்துகளுக்கு உரியது. பொருள் வரியில் ஒருங்குறித் தமிழை அப்படியே எழுதினால், பெறுநருக்குக் கேள்விக்குறிகளோ பொருளற்ற இலத்தீன் எழுத்துகளோ தெரியலாம். ஆர்.எஃப்.சி. 2047 கூறும் முறையில் அதனை மாற்றவேண்டும். எம்பி_என்கோட்_மைம்ஹெடர்() செயற்கூறு இதனைச் செய்யும். உடற்பகுதிக்கு உள்ளடக்க வகை வரியில் யு.டி.எஃப்.-8 என்று குறிப்பிடவேண்டும்.

அதிகம் அறியப்படாத மற்றொரு கண்ணி வரியின் நீளம். மடலின் ஒரு வரி 998 பைட்டுகளுக்கு மேற்படக்கூடாது. ஆங்கிலத்தில் அது ஏறக்குறைய ஆயிரம் எழுத்துகள். யு.டி.எஃப்.-8 குறிமுறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள். "மொ" என்பது இரண்டு குறியீடுகளால் ஆனதால் 6 பைட்டுகள். எனவே சுமார் நாற்பது சொற்கள் கொண்ட ஒரு பத்தியே எல்லையைத் தொட்டுவிடும். அந்த இடத்தில் சில வழங்கிகள் வரியை வெட்டும்போது எழுத்தின் நடுவே வெட்டு விழுந்து, நீண்ட தமிழ்ப் பத்தியின் ஓரிடத்தில் மட்டும் எழுத்து சிதைந்து தெரியும். உடற்பகுதியை பேஸ்64 முறையில் மாற்றி, 76 எழுத்துகளுக்கு ஒரு முறை வரி பிரித்து அனுப்பினால் மடல் மூன்றில் ஒரு பங்கு பெருக்குமே தவிர, சிதையாது.

மாற்று வழிகள்

உள்நுழைவும் மறையாக்கமும் தேவைப்படும் இடங்களில் மெயில்() செயற்கூற்றை விட்டுவிடுவதே நல்லது. 2001 இல் தொடங்கப்பட்ட பி.எச்.பி.மெயிலர் என்னும் கட்டற்ற நிரற்றொகுதி, எஸ்.எம்.டி.பி. உரையாடலைத் தானே முழுமையாக நடத்துகின்றது. அதன் பிழைதிருத்த நிலையை உயர்த்தினால் உரையாடலின் ஒவ்வொரு வரியும் திரையில் தெரியும் என்பது சிக்கல் தேடுவோருக்குப் பெரும் உதவி. விண்டோஸில் இதற்கு ஓப்பன்எஸ்.எஸ்.எல். நீட்சி பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் செயற்படுத்தப்பட்டிருக்க வேண்டும். பி.எச்.பி. 5.6 முதல் வழங்கியின் சான்றிதழ் இயல்பாகவே சரிபார்க்கப்படுவதால், சான்றிதழில் உள்ள பெயரும் உள்ளமைவில் எழுதிய பெயரும் வேறுபட்டால் இணைப்பு மறுக்கப்படும். சரிபார்ப்பை அணைத்துவிடுவதைவிடப் பெயரைத் திருத்துவதே முறையாகும். தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வழமையான கடவுச்சொல்லைக் கொண்டு நிரல்கள் உள்நுழைவது 2022 மே 30 உடன் நிறுத்தப்பட்டது; அதன் பின் செயலிக் கடவுச்சொல் அல்லது ஓஆத் முறை தேவைப்படுகின்றது. பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றித் தோல்வியுறுவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

நிரலை மாற்ற இயலாதபோது, சென்ட்மெயில்_பாத் என்னும் அமைவில் விண்டோஸுக்கான சென்ட்மெயில் மாற்று நிரல் ஒன்றின் பாதையை எழுதலாம். அவ்வாறு எழுதினால் ஏனைய மூன்று அமைவுகளும் புறக்கணிக்கப்பட்டு, உள்நுழைவு முதலியவற்றை அம்மாற்று நிரல் கவனித்துக்கொள்ளும். சாம்ப் தொகுப்புடன் இத்தகைய நிரல் ஒன்று சேர்ந்தே வந்தது. பி.எச்.பி. 5.3 முதல் மெயில்.லாக் என்னும் அமைவும் உள்ளது. எந்த நிரற்கோப்பின் எந்த வரி எவருக்கு மடல் அனுப்பியது என்பதை அது பதிவு செய்யும்.

ஏ.எஸ்.பி. நிரல்களில்

மைக்ரோசாஃப்டின் பழைய ஏ.எஸ்.பி. நிரல்கள் சி.டி.ஓ.என்.டி.எஸ். என்னும் கூறைப் பயன்படுத்தின. அது அதே கணினியின் எஸ்.எம்.டி.பி. சேவையை மட்டுமே நம்பியது. செர்வர் 2003 இல் அக்கூறு இல்லாததால் அதனைப் பயன்படுத்திய தளங்கள் சி.டி.ஓ.சிஸ் கூறுக்கு மாற நேர்ந்தது. புதிய கூறில் "சென்ட்யூசிங்" அமைவு செல்லாது என்று வரும் செய்தி, பி.எச்.பி.யின் லோக்கல்ஹோஸ்ட் பிழைக்கு நிகரானது. உள்ளூர்ச் சேவை இல்லாத கணினியில் அதன் மதிப்பை 2 எனக் கொடுத்து, தொலைவில் உள்ள வழங்கியின் பெயரையும் துறை எண்ணையும் தனியே குறிப்பிடவேண்டும்.